மூமின் கதைகளை எழுதிய தூவே யான்சன்: யார் அவர், பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தரம் 6 படிக்கும் மகள் யூடியூப்பில் மூமின் என்ற கற்பனைப் பிராணிக் குடும்பத்தின் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு அந்தக் கதைப் புத்தகங்கள் வேண்டும் என்று நிற்கிறாளாம். எழுதியவர் யார், எதில் தொடங்குவது என்று கேட்கிறார். இன்னொன்றும் கேட்கிறார்: அவை துக்கமான கதைகள் என்று சிலர் சொல்கிறார்களே, மழை பிடித்தாலே வெள்ளத்தையும் கடலையும் நினைத்துப் பயப்படுகிற பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுங்கள், தங்கச்சி. பயப்படுகிற பிள்ளைக்கே கொடுக்கவேண்டிய புத்தகங்கள் அவை. எதை முதலில், எதைப் பிறகு என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதைச் சொல்வதற்கு அவருடைய வாழ்க்கையையும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கதைகள் போருக்கு நடுவில் தொடங்கியவை.

தூவே யான்சன் 1914 ஆகஸ்ட் 9ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பிறந்தார். அப்பா விக்டர் ஒரு சிற்பி. அம்மா சிக்னே சுவீடனில் இருந்து வந்தவர், ஓவியர். பின்லாந்தின் தபால் முத்திரைகளில் ஏராளமானவை அந்த அம்மா வரைந்தவை. தூவேக்குப் பின்னால் இரண்டு தம்பிமார், பெர் ஊலொவ், லார்ஸ். வீட்டில் பேசியது சுவீடிஷ். பின்லாந்தில் சுவீடிஷ் பேசுகிறவர்கள் சிறுபான்மையினர். கடைசிவரை தூவே அந்த மொழியில்தான் எழுதினார். ஒரு நாட்டின் சிறுபான்மை மொழியில் எழுதப்பட்ட அந்தப் பிள்ளைக் கதைகள் இன்று 50க்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கின்றன. தமிழில் எழுத நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை நான் வேண்டுமென்றே சொல்வேன்.

அப்பாவைப் பற்றி ஒரு விசயம் முக்கியம். 1918இல் பின்லாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் அவர் சண்டையிட்டவர். போன ஆள் வேறு, திரும்பி வந்த ஆள் வேறு என்று சொல்லும்படி அந்தப் போர் அவரை மாற்றிவிட்டது. வீட்டில் இறுக்கமாக இருப்பார். ஆனால் புயல் வந்தால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். காற்று எழும்பினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் போவார். சின்ன வயதில் தூவே பார்த்த சந்தோசமான அப்பா, புயல் நாளின் அப்பாதான். மூமின் கதைகளில் வெள்ளமும் சூறாவளியும் வால்வெள்ளியும் மாறி மாறி வருவதற்கும், அதற்குள் ஒரு உற்சாகம் ஓடுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூமின் என்ற உருவம் பிறந்தது விளையாட்டாக. ஸ்டாக்ஹோமில் படிக்கும்போது தூவே தாய்மாமன் ஐனார் வீட்டில் தங்கியிருந்தார். இரவில் களவாகச் சாப்பாடு எடுக்க வந்தால் அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பூதம் வந்து பிடரியில் குளிர்காற்று ஊதும் என்று மாமா வெருட்டுவாராம். அந்தப் பூதத்துக்கு மாமா வைத்த பேர் மூமின். இன்னொரு சமயம், தத்துவஞானி கான்டைப் பற்றித் தம்பியோடு வாக்குவாதப்பட்டுத் தோற்ற ஆத்திரத்தில், தீவு வீட்டு மலசலகூடத்துச் சுவரில் இருக்கிறதிலேயே அசிங்கமான ஒரு பிராணியை அவர் வரைந்திருந்தார். நீண்ட மூக்கும் முறைத்த முகமுமாக இருந்த அந்தப் பிராணி, பிறகு கார்ம் என்ற அரசியல் நையாண்டிச் சஞ்சிகையில் அவருடைய படங்களின் மூலையில் கையெழுத்துப் போல வந்து நின்றது. அந்தச் சஞ்சிகையில்தான் அவர் ஹிட்லரைக் கேக் கேட்டு அழுகிற குழந்தையாக வரைந்தார். ஸ்டாலினையும் விட்டுவைக்கவில்லை. பயமில்லாத பெண்.

1939 நவம்பர் கடைசியில் சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. முதலில் குளிர்காலப் போர், பிறகு 1941இலிருந்து 1944வரை இன்னொரு போர். தம்பி பெர் ஊலொவ் முன்னரங்கில். நெருங்கிய யூதச் சிநேகிதி ஏவா அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஹெல்சிங்கியில் குண்டு விழுகிறது. கல்யாணம், பிள்ளைகள் என்று வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் வந்ததற்குப் போரும் ஒரு காரணம். படம் வரையவே மனம் வராத அந்தக் காலத்தில், 'ஒரு ஊரில்' என்று தொடங்கும் ஒரு கதையை எழுத உட்கார்ந்தார். அரைவாசியில் விட்டு, போர் முடியும்போது எடுத்து முடித்தார். 1945இல் அது வெளியானது. மெல்லிய புத்தகம், பத்திரிகைக் கடைகளில் விற்றது, பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. ஆங்கிலத்துக்கு வரவே 2005வரை சென்றது.

அந்த முதல் புத்தகத்தின் பேர் 'மூமின்களும் பெருவெள்ளமும்'. மூமின் அம்மாவும் சின்ன மகனும் ஒரு இருட்டுக் காட்டுக்குள் நடக்கிறார்கள். அப்பாவைக் காணவில்லை. வழியில் மழை, வெள்ளம். கதிரைகளும் வீட்டுச் சாமான்களும் மிதந்து போகின்றன. ஊரெல்லாம் இடம்பெயர்ந்து நிற்கிறது. கடைசியில் அப்பா ஒரு மரத்தில் ஏறி இருப்பது தெரிகிறது, குடும்பம் ஒன்றுசேர்கிறது. அப்பா கட்டிய வீடு வெள்ளத்தில் மிதந்து ஒரு பள்ளத்தாக்கில் போய்த் தட்டி நிற்கிறது. அதுதான் பிறகு வரும் எல்லாக் கதைகளுக்கும் ஊர்.

முதல் புத்தகம் இதுதானே, இதிலேயே தொடங்கலாம் என்று நினைப்பீர்கள். நான் மாட்டேன். கதையில் காணாமல் போன அப்பா கிடைத்துவிடுகிறார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் போனவர் போனவராகவே இருக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்கலாம், மகளோடு சேர்ந்து கேட்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வீட்டில் இருக்கலாம், அப்பப்பாவின் படம் சுவரில் தொங்கலாம். அந்தக் கதையை வாசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மூமின் குடும்பத்தோடு பழகிய பிறகு, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்து வாசிக்கவேண்டிய கதை அது.

அடுத்த ஆண்டு, 1946இல், வால்வெள்ளிக் கதை வந்தது. ஆங்கிலத்தில் 'காமெட் இன் மூமின்லேண்ட்'. வானம் சிவந்து, ஒரு வால்வெள்ளி பூமியை நோக்கி வருகிறது. கடல் வற்றிப்போகிறது. மூமின் மகனும் சிநேகிதர்களும் பொய்க்கால் கட்டிக்கொண்டு காய்ந்த கடலடியைக் கடந்து வீட்டுக்கு ஓடிவருகிறார்கள். ஹிரோஷிமாவுக்கு அடுத்த ஆண்டு வந்த புத்தகம் இது என்பதை மறந்துவிட்டு வாசிக்க முடியாது. உலகம் அழியப்போகிறது என்று எல்லோரும் ஓடுகிற நாளில், வீட்டில் மூமின் அம்மா மகன் வருவான் என்று கேக் அலங்கரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு குடும்பம் முழுவதும் கேக்கையும் குளிக்கும் தொட்டியையும் தூக்கிக்கொண்டு குகைக்குப் போகிறது. வால்வெள்ளி உரசினாற்போல் கடந்து போய்விடுகிறது, கடல் திரும்பி வருகிறது. அருமையான கதைதான். ஆனால் கடல் விலகுவதும் திரும்பி வருவதும் நாவலடியிலோ மருதமுனையிலோ பெரியாட்களுக்கு வேறு அர்த்தம். பிள்ளை 2004க்குப் பிறகு பிறந்தவளாக இருக்கலாம், சுனாமி வீட்டுப் பேச்சில் இருந்துகொண்டுதான் இருக்கும். இதைக் கொஞ்சம் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கவேண்டியது 1948இல் வந்த 'மந்திரவாதியின் தொப்பி'. ஆங்கிலத்தில் 'ஃபின் ஃபேமிலி மூமின்ட்ரோல்' என்ற பேரில் தேடுங்கள். தூவேக்கு வெளிநாட்டில் பேர் வாங்கிக்கொடுத்த புத்தகம் அதுதான். மலையுச்சியில் ஒரு கறுத்தத் தொப்பி கிடக்கிறது. அதற்குள் எதைப் போட்டாலும் வேறொன்றாகிவிடும். முட்டைக்கோதுகள் மேகமாகி, பிள்ளைகள் அதில் ஏறிச் சவாரி போகிறார்கள். சிரிப்பும் கூத்துமாகப் போகிற கதை.

அதன் நடுவில் ஒரு இடம். ஒளித்துப் பிடிக்கும்போது மூமின் மகன் தொப்பிக்குள் ஒளித்துவிடுகிறான். வெளியே வரும்போது உருவமே மாறிவிட்டது: மெலிந்த உடம்பு, பெரிய கண்கள், அவனுக்கு அது தெரியாது. சிநேகிதர்கள் யாரோ அந்நியன் என்று நினைத்து அவனோடு சண்டைக்குப் போகிறார்கள். நான்தான் என்று அவன் கத்துகிறான், ஒருவரும் நம்பவில்லை. சத்தம் கேட்டு அம்மா வருகிறார். பயந்துபோன அந்தக் கண்களை நன்றாக, நெடுநேரம் பார்க்கிறார். பார்த்துவிட்டு, ஓம், நீ என் மகன்தான் என்கிறார். அந்த நொடியிலேயே அவன் பழைய உருவத்துக்குத் திரும்புகிறான்.

யான்சனின் எல்லாப் புத்தகங்களுக்கும் திறப்பு இந்த இடம் என்பது என் எண்ணம். அவருடைய உலகத்தில் கேடு வராமல் இருக்காது. வெள்ளம் வரும், பனி வரும், வீடு போகும். பிள்ளையைக் காப்பாற்றுவது மந்திரமோ வாளோ கிடையாது, அவளைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். அதனால்தான் பயந்த பிள்ளைக்கு இவை உதவும் என்று சொல்கிறேன். பயப்படாதே, ஒன்றும் நடக்காது என்று அவர் பொய் சொல்வதில்லை.

இதே தொப்பிக் கதையில் இரண்டு சின்னப் பிராணிகள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும். அவர்களுக்கு மட்டும் விளங்கும் பாசை பேசும். பெட்டிக்குள் இருப்பதை எவருக்கும் காட்டாது. உள்ளே இருப்பது சிவப்பாக ஒளிரும் ஒரு மாணிக்கக் கல். அந்த இரண்டு பேரும் தூவேயும், அவர் அப்போது நேசித்த நாடக இயக்குநர் விவிகா பண்ட்லரும். பின்லாந்தில் 1971வரை பெண்ணும் பெண்ணும் உறவு கொள்வது சட்டப்படி குற்றம். பெட்டியை ஏன் மூடி வைத்திருந்தார்கள் என்பது பெரியவர்களுக்கு விளங்கும். பிள்ளைக்கு அது ஒரு அழகான இரகசியம், அவ்வளவு போதும். பச்சைத் தொப்பியோடு திரியும் நாடோடி ஸ்னஃப்கினில், ஒரு காலத்தில் தூவேயின் காதலராக இருந்த அரசியல்வாதியும் எழுத்தாளருமான ஆட்டோஸ் விர்டானனின் சாயல் இருக்கிறது. தன் ஆட்களைத்தான் அவர் எழுதினார்.

1954இல் இரண்டு விசயங்கள் நடந்தன. ஒன்று, 'மூமின்சம்மர் மேட்னஸ்' புத்தகம். எரிமலை வெடித்துப் பெரும் அலை வந்து பள்ளத்தாக்கு மூழ்குகிறது. குடும்பம் மேல்மாடியில். தரையில் ஒரு ஓட்டை வெட்டிக் கீழே பார்த்தால் குசினி பச்சைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. காலைச் சாப்பாட்டுச் சாமான்களை மூமின் மகன் சுழியோடி எடுத்துவருகிறான். தன் குசினியை மேலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அம்மாவுக்கு அதிசயம். பிறகு மிதந்து வருகிற ஒரு நாடக அரங்கை வீடு என்று நினைத்து அதில் குடியேறுகிறார்கள். திரைச்சீலையையும் சுழலும் மேடையையும் பார்த்து, இது என்ன வீடு என்று திகைக்கிறார்கள். கடைசியில் அப்பா ஒரு நாடகம் எழுத, சனம் தோணிகளில் வந்திருந்து பார்க்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் பள்ளிக்கூடங்களில் தங்கியவர்கள், முகத்துவாரம் வெட்டிவிட்டார்களா, வாவித் தண்ணி வடியுதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தவர்கள், இந்தப் புத்தகத்தை வாசித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் வீட்டைக் காண்பார்கள். கூத்துக் களரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நாடகப் பகுதி இன்னும் பிடிக்கும்.

மற்றது, லண்டன் ஈவினிங் நியூஸ் பத்திரிகையில் மூமின் சித்திரத் தொடர் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 40 நாடுகளில் 120 பத்திரிகைகள் அதை வெளியிட்டன. காசும் புகழும் வந்தன, நேரம் போனது. ஓவியராக வாழ நினைத்தவர் ஒவ்வொரு நாளும் சட்டகம் நிரப்பவேண்டிய நிலை. 1959இல் தன் பங்கை முடித்துக்கொண்டார். தம்பி லார்ஸ் அதை எடுத்து 1975வரை நடத்தினார். பிள்ளைகள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் அவர் ஓய்வு எடுக்கவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 கடிதங்கள் வருமாம், தன் கையாலேயே பதில் எழுதுவார்.

அந்தக் களைப்பிலிருந்து அவரை எழுப்பியவர் டூலிக்கி பியெட்டிலா, செதுக்குக்கலை ஓவியர். 1955இல் ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் நெருங்கினார்கள், தூவே சாகும்வரை வாழ்க்கைத் துணையாக இருந்தார்கள். 1957இல் வந்த 'மூமின்லேண்ட் மிட்விண்டர்' புத்தகத்தில் வரும் டூ-டிக்கி அவர்தான். மூமின்கள் குளிர்காலம் முழுவதும் தூங்குகிற பிராணிகள். ஒரு வருடம் மகன் மட்டும் இடையில் விழித்துவிடுகிறான். அம்மாவை எழுப்பிப் பார்க்கிறான், எழும்பவில்லை. வெளியே பனி, அதை அவன் வாழ்க்கையில் கண்டதே இல்லை. எங்கள் பிள்ளைகளும் கண்டதில்லை, ஆகவே அவன் எப்படித் தட்டுத் தடுமாறி அதைத் தெரிந்துகொள்கிறானோ அப்படியே வாசிப்பவளும் தெரிந்துகொள்வாள். டூ-டிக்கி அவனுக்கு ஆறுதல் வார்த்தை ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. பனியில் எப்படி வாழ்வது என்று காட்டுகிறார். இந்தப் புத்தகத்திலிருந்து கதைகள் ஆழமாகத் தொடங்குகின்றன.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது 1962இல் வந்த சிறுகதைத் தொகுதி, 'டேல்ஸ் ஃப்ரம் மூமின்வேலி'. ஒன்பது கதைகள். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள்.

அதில் 'கண்ணுக்குத் தெரியாத பிள்ளை' என்று ஒரு கதை. ஒரு மழை நாள் இரவு டூ-டிக்கி ஒரு பிள்ளையைக் கூட்டிவருகிறார். பேர் நின்னி. ஆள் தெரியவில்லை, கழுத்தில் கட்டிய ஒரு சின்ன மணியின் சத்தம் மட்டும் கேட்கிறது. அவளை வளர்த்த மனிசி அவளை நேசிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. நாள் முழுக்கக் குத்தல் பேச்சு, இளக்காரம். அந்தப் பிள்ளை ஓரங்களில் வெளிறத் தொடங்கி, கடைசியில் தெரியாமலே போய்விட்டாள். மூமின் அம்மா என்ன செய்கிறார் என்றால், பாட்டியின் பழைய கைமருந்துக் கொப்பியைப் பார்த்து மருந்து கலக்குகிறார், படுக்கை போட்டுக் கொடுக்கிறார், ஏன் எதற்கு என்று கேள்வி கேட்பதில்லை. காலையில் மணிக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிகின்றன. பிறகு நின்னியின் கையிலிருந்து ஒரு ஜாம் போத்தல் விழுந்து உடைகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. அது வண்டுகளுக்குக் கொடுக்க வைத்திருந்த போத்தல்தான், தூக்கிக்கொண்டு போகிற வேலை மிச்சம் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார். தன் சால்வையை வெட்டி அவளுக்கு ஒரு சட்டை தைக்கிறார். கழுத்துவரை பிள்ளை தெரிகிறாள். முகம் மட்டும் வரவில்லை. அவளுக்கு விளையாடத் தெரியாது, மரியாதையாக நிற்கத்தான் தெரியும். குட்டி மை என்ற வாய்க்காரப் பெட்டை சொல்கிறாள்: கோபப்படத் தெரியாவிட்டால் உனக்கு முகம் வராது. ஒரு நாள் கடற்கரையில், மூமின் அப்பா பகிடிக்கு அம்மாவைப் பின்னாலிருந்து தண்ணிக்குள் தள்ளப்போகிறார். நின்னி பாய்ந்து அவருடைய வாலைக் கடிக்கிறாள். என் அம்மாவைத் தள்ளாதே என்கிற ஆத்திரம். அப்போது முகம் வருகிறது, சப்பை மூக்கும் சிவந்த தலைமயிருமாக.

இந்தக் கதையைப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நான் தமிழில் வாயால் சொல்வது வழக்கம். ஒரு முறை முன்வரிசையில் இருந்த பெடியன் ஒருவன், முகம் வந்த இடத்தில் மற்றவர்கள் கைதட்ட, தான் தட்டாமல் கேட்டான்: "அவளுக்கு ஏசின மனிசிக்கு ஒண்டும் நடக்கல்லையா?" ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவனுக்குச் சரிவரவில்லை. பக்கத்தில் இருந்தவள், "அவவ ஏன் தேடணும், பிள்ளதான் வந்திட்டாளே" என்றாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் போகும்வரை சண்டை. யான்சன் அந்த மனிசியைத் தண்டிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தத் தேர்வு சரியா என்று பிள்ளைகளே பேசட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மட்டக்களப்பில் 1996இலிருந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இயங்கிவந்ததை உங்களுக்கு நினைவிருக்கும். இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக்காரரான போல் ஹோகனும் தொடங்கியது. போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து, களிமண் பிசைந்து, படம் கீறி, கதை சொல்லி, பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். உனக்கு என்ன நடந்தது, சொல் என்று வற்புறுத்தாமல், பிள்ளை தானாக வரட்டும் என்று இடம் கொடுப்பதுதான் அங்கேயும் முறை. மூமின் அம்மா செய்ததும் அதுதான் என்பதால், இந்தக் கதையை எங்கள் ஊருக்கு அந்நியமானது என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

அதே தொகுதியில் ஃபிலிஜாங்க் என்ற ஒரு பெண்பிராணியின் கதை இருக்கிறது. கடற்கரையில் தனியாக இருக்கிறாள். வீடு நிறையச் சின்னச் சின்ன அலங்காரப் பொருட்கள். ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்று எந்நேரமும் பயம். தேத்தண்ணி குடிக்க வந்த சிநேகிதியிடம் சொல்லப் பார்க்கிறாள், அவள் பேச்சை மாற்றுகிறாள். அன்று இரவே புயல் வருகிறது. விடியும்போது ஒரு சூறைக்காற்று சாமான்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஃபிலிஜாங்க் அழவில்லை. கடல் தண்ணீருக்குள் இருந்துகொண்டு கண்ணீர் வரச் சிரிக்கிறாள், இனி எனக்குப் பயம் இல்லை என்று. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் எல்லோரும் இந்த முடிவை ஒத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீடு போனால் விடுதலை என்று சொல்வதற்குத் திரும்பக் கட்ட வசதி வேண்டும், உயிர்கள் மிஞ்சியிருக்கவேண்டும். ஆனால் கேடு வருவதற்கு முன்னால் நாள்கணக்காக நெஞ்சில் இருக்கும் அந்தப் பயத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய பிள்ளைக் கதை வேறொன்றை நான் வாசித்ததில்லை. மழைக்குப் பயப்படும் உங்கள் மகளுக்கு, தன் பயத்தை இன்னொருவரும் அறிந்திருக்கிறார் என்பது ஆறுதலாக இருக்கும்.

1965இல் 'மூமின்பாப்பா அட் சீ'. இது பிள்ளைக்கும் பெரியவருக்கும் நடுவில் நிற்கிற புத்தகம். அப்பாவுக்கு வீட்டில் தனக்கு வேலையில்லை என்ற கவலை. குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வெறும் தீவுக்குப் போகிறார், அங்கே ஒரு வெளிச்சவீடு, விளக்கு எரியவில்லை. பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படங்களை விளக்கத் தேவையில்லை. அம்மாவுக்குப் பழைய வீட்டு நினைவு. வெளிச்சவீட்டுச் சுவரில் தன் தோட்டத்தைப் பூப்பூவாக வரைந்து, ஒரு நாள் அந்தப் படத்துக்குள்ளேயே போய் மரத்துக்குப் பின்னால் நின்றுவிடுகிறார். இடம்பெயர்ந்து வாழ்ந்த எந்த அம்மாவும் இந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசிக்க மாட்டார்.

குரோக் என்ற பிராணியும் இதில் வருகிறது. பெரிய, சாம்பல் நிறமான, தனித்த ஒன்று. அது உட்கார்ந்த இடம் உறைந்துவிடும், சூடு தேடி நெருப்பில் குந்தினால் நெருப்பு அணைந்துவிடும். எல்லோரும் அதற்குப் பயம். வெளிச்சத்தைத் தேடிக் கடல்தாண்டி அது தீவுக்கு வந்துவிடுகிறது. மூமின் மகன் ஒவ்வொரு இரவும் அரிக்கன் லாம்பைக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்து அதற்குக் காட்டுகிறான். ஒரு நாள் மண்ணெண்ணெய் முடிந்துவிடுகிறது. வெறுங்கையோடு, பயத்தோடு போகிறான். குரோக் லாம்பைத் தேடவில்லை. அவனைக் கண்ட சந்தோசத்தில் ஆடுகிறது. அது நின்ற இடத்து மணல் அன்றைக்கு உறையவில்லை.

இந்தக் கடலும் தீவும் கற்பனை மட்டும் கிடையாது. 1964–65இல் பெல்லிங்கே தீவுக்கூட்டத்தின் விளிம்பில், குளூவ்ஹாரு என்ற பாறைத்தீவில் தூவேயும் டூலிக்கியும் ஒரு அறை மட்டும் உள்ள வீடு கட்டினார்கள், நாலு பக்கமும் யன்னல். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஒவ்வொரு கோடையும் அங்கேதான். வயதான காலத்தில் ஒரு கோடையில் தூவேக்குக் கடல் பயம் பிடித்துவிட்டது. வாழ்நாளெல்லாம் நேசித்த கடலுக்குச் செய்த துரோகம் போல அது அவரை வருத்தியது, அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். 2004க்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாத மீனவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அந்தப் பயத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிய எழுத்தாளர் என்பதாலும் அவர்மேல் எனக்கு மதிப்பு.

1966இல் பிள்ளை இலக்கியத்தின் மிகப்பெரிய விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் பதக்கம் கிடைத்தது. 1970இல் அம்மா சிக்னே இறந்தார். அதே ஆண்டு கடைசி மூமின் நாவல், 'மூமின்வேலி இன் நவம்பர்'. மூமின் குடும்பமே இல்லாத மூமின் புத்தகம். தங்கள் தனிமை தாங்காமல் ஆறு பேர், ஆளுக்கொரு வழியாக, அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். வீடு வெறுமையாகக் கிடக்கிறது, வெளியே நவம்பர் மழை. டாஃப்ட் என்ற தாயில்லாத சின்னவன் மூமின் அம்மாவை ஒருபோதும் கோபப்படாத, களைக்காத தெய்வமாக மனதில் வைத்திருக்கிறான். அவர் மனம் சரியில்லாத நாட்களில் தனியாகப் போய் நடக்கும் இருண்ட காடு ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதைக் கடைசியில் அறிகிறான். அறிந்த பிறகுதான் உண்மையான அம்மா வருவதற்கு அவன் மனதில் இடம் உண்டாகிறது. இதற்குப் பிறகு தூவே பெரியவர்களுக்கே அதிகம் எழுதினார். 'கோடைப் புத்தகம்' 1972இல் வந்தது, ஒரு தீவில் பாட்டியும் பேத்தியும். அது உங்களுக்கு. 2001 ஜூன் 27ஆம் திகதி ஹெல்சிங்கியில் காலமானார்.

சரி, உங்கள் மகளுக்கு: முதலில் தொப்பி. அது முடிந்ததும் மூமின்சம்மர், நல்ல மழை நாளில். அப்புறம் சிறுகதைகள், அதில் நின்னியின் கதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். குளிர்காலக் கதையும் வால்வெள்ளியும் எது முதலில் என்றாலும் பரவாயில்லை. பெருவெள்ளக் கதையை அதற்குப் பிறகு. கடல், நவம்பர் இரண்டையும் பதின்மூன்று பதினாலு வயதுக்கு வைத்துவிடுங்கள், அதற்குள் நீங்கள் வாசித்து முடித்துவிடுவீர்கள். தரம் 6 பிள்ளைக்குத் தனியே வாசிக்க இந்த ஆங்கிலம் சில இடங்களில் கடினம்தான். அத்தியாயம் அத்தியாயமாக நீங்கள் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்லுங்கள், படங்களை மட்டும் அவள் கையில் கொடுங்கள். கறுப்பு மையில் கோடு கோடாகக் கீறிய அந்தப் படங்கள் அவரே வரைந்தவை, கதையில் பாதி அவற்றில்தான் இருக்கிறது. வாங்கும்போது அட்டையைக் கவனமாகப் பாருங்கள். கார்ட்டூனையும் பாத்திரங்களையும் வைத்து வேறு ஆட்கள் சுருக்கி எழுதிய வர்ணப் புத்தகங்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. எழுத்தும் படமும் தூவே யான்சன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.